மீன் பட்ட அண்டைக்கு ஆர் முழந்தாளில நிண்டது?

எங்கட கோயில் பங்கின்ட கிறிஸ்மஸ் ஒளிவிழாவில வச்ச பட்டிமன்றத்தில நான் பேசினது இது. மகள் ஃபோன்ல ரெக்கோட் பண்ணினத திருப்பித் திருப்பிக் கேட்டு டைப் பண்ணியிருக்கிறன், இடையில மைக் கீச்சிட்டதையும் ஆக்கள் சிரிச்சதையும் விட்டிட்டன். தலைப்பு, விசுவாசத்தை வாழ்ந்து காட்டுறது கஷ்டம் துன்பக் காலத்திலயா, சந்தோஷக் காலத்திலயா? நான் சந்தோஷக் காலம் அணி.

நடுவர் ஐயாவுக்கும், முன்வரிசையில இருக்கிற ஃபாதருக்கும் சிஸ்டர்மாருக்கும், இந்த மாரி மழையில குடையும் பிடிச்சு சேறும் மிதிச்சு வந்து குந்தியிருக்கிற உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

எதிரணித் தம்பி பேசேக்க எனக்கே கண் கலங்கிட்டுது, பொய் சொல்லேல்ல. யோபுவக் கொண்டு வந்தார், புனித ஜோசப் வாஸ் சுவாமியக் கொண்டு வந்தார், 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்பக் கொண்டு வந்தார். பிறகு வந்த டீச்சர் சுனாமியக் கொண்டு வந்தா. மண்டபத்தில பாதிப்பேர் மூக்குச் சிந்தினீங்க. இனி நான் எழும்பி நிண்டு, ஐயோ அதெல்லாம் சரி, ஆனா சந்தோஷமா இருக்கேக்க விசுவாசமா இருக்கிறது தான் கஷ்டம் எண்டு சொன்னா இந்த மனுசிக்கு என்ன விசரா எண்டு தான் நினைப்பீங்க. நினையுங்கோ, பத்து நிமிசம் தான் தந்திருக்கினம்.

ஒண்ட முதலே சொல்லிப்போடுறன். துன்பம் லேசு எண்டு நான் சொல்ல வரேல்ல, அப்பிடிச் சொல்ல இந்த ஊர்ல ஆருக்கும் வாய் வராது. ஆனா தலைப்ப ஒருக்கா வடிவாப் பாருங்கோ. எது கூட வலிக்கும் எண்டு கேட்டிருந்தா நான் இந்தப் பக்கம் வந்து குந்தியிருக்க மாட்டன். வாழ்ந்து காட்டுறது எப்ப கஷ்டம் எண்டு தான் கேட்டிருக்கு. பல்லுக் குத்தினவனுக்கு பல் டொக்டர்ட வீடு எங்க எண்டு ஆரும் சொல்லிக் குடுக்கத் தேவையில்ல, இரவு ரெண்டு மணிக்கும் போய்த் தட்டுவான். பல்லு நல்லா இருக்கிறவன் ஒருக்கா போய் காட்டிட்டு வாறானா எண்டு பாருங்கோ.

நான் திருகோணமலை திருக்கடலூர் ஆள். அப்பா கரவலை இழுத்தவர், என்ர மனுசன் போட்ல போறவர். கடல் எழும்பின நாள்ல அப்பா வர நேரம் செண்டா அம்மா கரையில நிண்டு அந்தோனியாருக்கு நேர்த்தி வைப்பா, என்ர ஆள் வந்தா ஆள் உயரத்துக்கு மெழுகுதிரி எண்டு. அப்பா வந்து மணலில கால வச்ச உடன அது இடுப்பளவுக்கு வந்திடும். வீட்ட வந்து தேத்தண்ணி குடிச்சு முடிய முழம். செவ்வாய்க்கிழமை கோயிலுக்குப் போகேக்க அம்மா கடையில வாங்கிறது பத்து ரூபாப் பெட்டியில ரெண்டு திரி. அந்தோனியார் நல்ல மனுசன், ஒருநாளும் கணக்குக் கேக்கேல்ல.

நீங்க சிரிக்கிறீங்க, ஆனா 2022ல என்ன செய்தனாங்க? ஆவணியில ஒரே ராவில மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில இருந்து 340க்கு ஏறினது. எஞ்சின் முழுக்க மண்ணெண்ணெய்ல ஓடுறது, போட் எல்லாம் கரையில கவுண்டு கிடந்தது. அந்த மாசம் பின்னேர ஆராதனைக்கு நிக்க இடமில்ல, வாழ்க்கையில முழந்தாள் மடிக்காத ஆக்கள் எல்லாம் முன்னுக்கு. பிறகு எண்ணெய் வந்தது, மீனும் பட்டது, ஒரு கிழமை தொடர்ந்து பாரை பட்டது, என்ர மனுசன் புது ஃபோன் வாங்கினார், நானும் ஒரு சங்கிலி மீட்டனான். அந்தக் கிழமை ஆராதனைக்கு வந்தது சிஸ்டர்மாரும் ரெண்டு கிழவியும். நான் போகேல்ல, அதால தான் எத்தினை பேர் எண்டு சிஸ்டரிட்டக் கேட்டு அறிஞ்சனான்.

இப்ப லூக்கா 5ம் அதிகாரத்துக்கு வாங்கோ. பேதுரு ராமுழுக்க வலை போட்டு ஒண்டும் படேல்ல. வெறுங்கையோட கரையில வலை அலசிக்கொண்டு நிக்கேக்க அந்தாள் முழந்தாளில விழேல்ல. இயேசு சொன்னபடி திரும்பப் போட்டு, வலை கிழியிற அளவு மீன் பட்டு, ரெண்டு வள்ளமும் தாழுற அளவுக்கு நிரம்பின பிறகு தான் விழுந்தது. விழுந்து என்ன சொன்னது, ஆண்டவரே என்னை விட்டுப் போங்கோ, நான் பாவி எண்டு. மீன்காரன்ட பொஞ்சாதியா நான் சொல்லுறன், நடுவர் ஐயா, இது நடக்கிற காரியமில்ல. மீன் அப்பிடிப் பட்டா கரையில நடக்கிறது வேற. ஏலம் கூறுறவன்ட சத்தம், பங்கு பிரிக்கிற சண்டை, பின்னேரம் போத்தல். அந்தச் சத்தத்துக்க ஒராள் முழந்தாளில விழுந்து அழுதவர் எண்டா அவர வச்சு திருச்சபை கட்டினதில ஒரு நியாயம் இருக்கு.

தம்பி யோபுவச் சொன்னார். நல்லது, ஆனா தம்பி 2ம் அதிகாரத்தில இருந்து துவங்கினார், புண்ணும் சாம்பலுமா. 1ம் அதிகாரம் 5ம் வசனத்த ஏன் விட்டவர்? அங்க யோபு நல்லா இருக்கிறார். ஏழு ஆம்பிளைப் பிள்ளை, மூண்டு பொம்பிளைப் பிள்ளை, பிள்ளையள் முறை வச்சு வீட்டுக்கு வீடு விருந்து வைக்கினம். விருந்து ஒரு சுற்று முடிய யோபு விடியக்காலம எழும்பி ஒவ்வொரு பிள்ளைக்காகவும் பலி செலுத்துறார், சந்தோஷத்தில மனசுக்குள்ள என்ர பிள்ளையள் கடவுளப் பழிச்சிருக்குமோ எண்டு பயந்து. அவருக்குத் தெரிஞ்சிருக்கு, ஆபத்து விருந்துக்க தான் இருக்கெண்டு. சாத்தானும் அங்க தான் கை வைக்கிறான், யோபு சும்மாவா உமக்குப் பயப்பிடுறான், சுத்திவர வேலி அடைச்சுக் குடுத்திருக்கிறீர் எண்டு. சாத்தான்ட சந்தேகம் முழுக்க யோபுவின்ட நல்ல காலத்தில. புண் வந்த நேரம் யோபு தாக்குப்பிடிச்சார் எண்டா, அதுக்குரிய கைமுதல் விருந்து நாள்கள்லயே சேர்த்து வச்சது.

தாவீதப் பாருங்கோ, இது எனக்கு சரியான விருப்பமான இடம். சவுல் ராசா துரத்தி, குகைக்க ஒளிச்சிருக்கேக்க சவுல் அதே குகைக்க காலைக்கடன் கழிக்க வாறான், கொல்லலாம், கொல்லேல்ல, மேலங்கி ஓரத்தில ஒரு துண்டு மட்டும் வெட்டி எடுத்தவர். அதுக்கே மனச்சாட்சி குத்தினதாம். துணித்துண்டுக்கு! அதே ஆள் பிறகு ராசாவாகி, சண்டைக்கு மற்றவைய அனுப்பிப்போட்டு, பின்னேரம் நித்திரையால எழும்பி மாடியில உலாவேக்க உரியாவின்ட பொஞ்சாதியக் கண்டு, அவன்ட குடும்பத்தையும் குலைச்சு அவனையும் சாக்குடுத்தார். இறைவாக்கினர் நாத்தான் வீட்டு வாசலுக்கு வந்து கதை சொல்லி, அந்த ஆள் நீர் தான் எண்டு சொல்லும் வரைக்கும் குத்தினதா ஒரு வரி இல்ல. குகைக்க இருக்கேக்க துணிக்கு நொந்த மனசு மாடிக்கு ஏறினதும் மனுசன்ட உயிருக்கு நோகேல்ல.

ஜோசப் வாஸ் சுவாமிக்கு வாறன். 1658ல யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர்ட கைக்குப் போனது, சுவாமிமார துரத்தினது, சுவாமி கோவாவில இருந்து கூலிக்காரன் வேசத்தில வந்து இறங்கினது 1687ல. இடையில 29 வருசம். பூசை இல்ல, பாவசங்கீர்த்தனம் இல்ல, ஆரும் காட்டிக் குடுத்தா தண்டனை. அப்பிடியிருந்தும் அவர் வந்து தட்டேக்க கதவு திறக்க ஆக்கள் இருந்திருக்கினம். 2015 தை 14ல காலிமுகத்திடல்ல பாப்பரசர் பிரான்சிஸ் அவர புனிதராக்கினத டிவியில பாத்து நாங்க அழுதனாங்க. தம்பி இத தன்ர அணிக்கு எண்டு கொண்டு வந்தார், நான் எடுத்துக்கொள்ளுறன். 29 வருசம் சுவாமியே இல்லாம நிண்ட சனத்தின்ட பேரப்பிள்ளையள் நாங்க. இப்ப கோயிலுக்கு ஃபேன் இருக்கு, மைக் இருக்கு, மோட்டச்சைக்கிள் விட கொட்டில் இருக்கு, பூசை கிழமைக்கு ஏழு நாளும் இருக்கு. நாங்க நற்செய்தி வாசிக்கேக்க வாறம், நற்கருணை எடுத்த கையோட அந்தப்பக்க வாசலால போறம்.

இன்னொண்டு. இத இந்த மண்டபத்தில சொல்லலாமோ எண்டு ராத்திரி மனுசனிட்டக் கேட்டனான், சொல்லு எண்டவர். 1622ல போர்த்துக்கேயர் எங்கட ஊர்க் கோணேசர் சிவன் கோயில உடைச்சு, அந்தக் கல்லெடுத்துக் கோட்டை கட்டினவை. இப்பவும் அந்தக் கோட்டை வாசலால தான் கோயிலுக்குப் போறது. உடைச்சவையும் எங்களமாதிரி மாதாவக் கும்பிட்ட ஆக்கள், கழுத்தில சிலுவை போட்ட ஆக்கள். அவை துன்பத்தில இருந்து அதச் செய்யேல்ல. வென்ற திமிர், கப்பலும் பீரங்கியும் கையில இருந்த நேரம். அதே கத்தோலிக்கர் ஒல்லாந்தருக்கு ஒளிச்சு காட்டுக்க செபம் சொன்ன காலத்தில ஆரின்ட கோயில் மேலயும் ஒரு கல்லெறிஞ்சதா நான் கேள்விப்படேல்ல. கோணேசர் கோயில் மணி எங்கட வீட்டுக்குக் கேக்கும், சில நாள் அதக் கேட்டிட்டு நான் சிலுவை போடுவன், ஏன் எண்டு எனக்கே தெரியாது. சரி அத விடுவம்.

டீச்சர் சுனாமியச் சொன்னா. அது என்ர கதையும் தான் டீச்சர். 2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்மஸ் கேக் மிச்சம் மேசையில இருந்தது. மேசையும் போனது, சுவரும் போனது. நாங்க ஒரு பள்ளிக்கூடத்தில, ஒரு வகுப்பறைக்க ஏழு குடும்பம், சீலையால மறைப்பு. மாமியின்ட செபமாலை கடலோட போட்டுது எண்டு மனிசி சாப்பாடு இல்லாம கிடந்தா. என்ர மனுசன் ஆரிட்டயோ தங்கூசி, மீன் பிடிக்கிற நைலோன் நூல், வாங்கி, வலைக்கு முடியிற முடிச்சுப் போட்டு ஒரு செபமாலை கட்டிக் குடுத்தவர், பத்துப் பத்து முடிச்சா அஞ்சு பத்து, நடுவில கொஞ்சம் பெரிய முடிச்சு, நுனியில ரெண்டு ஈர்க்குத் துண்டு கட்டி சிலுவை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் ஏழு மணிக்கு செபமாலை. பக்கத்து வகுப்பில தேவாரம் பாடுவினம், அவை முடிய நாங்க, நாங்க முடிய அவை. ஒருத்தரையும் வா எண்டு கூப்பிடத் தேவையில்ல, சின்னப்பிள்ளையளே கையால முடிச்சத் தடவித் தடவிச் சொல்லும். என்ர வாழ்க்கையில நான் நல்ல கிறிஸ்தவளா இருந்த காலம் எது எண்டு கேட்டா அந்த வகுப்பறை தான், இதச் சொல்லேக்க எனக்கு வெக்கமாயும் கிடக்கு.

ஏனெண்டா பிறகு வீடு வந்தது. சாவி தந்தினம், கல்வீடு, ஓடு, கறண்ட். முதல் கிழமை ஃபாதர் வந்து மந்திரிச்சார். ரெண்டாம் கிழமை டிவி வந்தது. ஏழு மணிக்கு சீரியல், உங்களுக்குத் தெரியும் தானே. செபமாலைய எட்டு மணிக்கு மாத்தினம், எட்டுக்கு பிள்ளையளுக்கு நித்திரை, ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்தினம், பிறகு அத ஒருத்தரும் மாத்தேல்ல, அது தானா நிண்டுட்டுது. ஒரு வருசம் கழிச்சு காத்துக்கு டிவி படம் கலங்குது எண்டு நான் வெளியால போய் அன்ரெனா வயரப் பாக்கிறன், வயர தூணோட சேத்துக் கட்டியிருக்கிறது அந்தத் தங்கூசிச் செபமாலை. மனுசன் கையில அம்பிட்ட கயிறெண்டு எடுத்துக் கட்டியிருக்கிறார், தான் கட்டின முடிச்சையே அவர் கவனிக்கேல்ல. எனக்கு அவரோட கோவிக்க வாய் வரேல்ல. ஒரு வருசமா அத நான் தேடினனானோ? அவிழ்த்தா படம் போயிடும், உள்ளுக்க மாமி பாத்துக்கொண்டிருக்கிறா. நான் அவிழ்க்கேல்ல, நடுவர் ஐயா. சீரியல் முடியட்டும் எண்டு நிண்டனான்.

பைபிள்ல இணைச்சட்டம் 8ம் அதிகாரத்தில மோசே இதத்தான் சொல்லுறார். பாலைவனத்தில 40 வருசம் திரிஞ்ச சனத்துக்கு, இனி வயிறாரச் சாப்பிட்டு நல்ல வீடு கட்டிக் குடியிருக்கேக்க ஆண்டவர மறந்து போவீங்க, கவனம் எண்டு. அந்தக் கிழவன் எங்கட வீட்டுத் திட்டத்தக் கண்டிட்டுத் தான் சொன்னாரோ எண்டு இருக்கும்.

பவுலடியார் உரோமையருக்கு எழுதினதில, மகிழ்வாரோடு மகிழுங்கள், அழுவாரோடு அழுங்கள் எண்டு இருக்கு. 4ம் நூற்றாண்டில வாழ்ந்த ஆயர் ஒருவர், யோவான் கிறிசோஸ்தோம், நாங்க பொன்வாய் அருளப்பர் எண்டுவம், அவர் இதுக்குப் பிரசங்கம் வைக்கேக்க சொல்லுறார், ரெண்டில முதலாவது தான் கஷ்டம், அழுகிறவனக் கண்டா கல்நெஞ்சுக்காரனுக்கும் அழுகை வரும், மற்றவன்ட சந்தோஷத்தில பொறாமை இல்லாமச் சந்தோஷப்பட பெரிய மனசு வேணும் எண்டு. இதுக்கு சாட்சி வேணுமெண்டா நான் நிக்கிறன். என்ர மச்சாள்ட மனுசனுக்கு ஒப்பரேசன் எண்டு நான் ஆஸ்பத்திரி விறாந்தையில பாய் போட்டு மூண்டு ராத்திரி அவவோட கிடந்தனான், ஒரு துளி கஷ்டம் தெரியேல்ல. அவவின்ட மகனுக்கு கனடாவுக்கு விசா சரிவந்திட்டுது எண்டு கோல் எடுத்துச் சொல்லேக்க, ஆ நல்லம் மச்சாள், எண்டனான். ஆ நல்லம். அந்த ரெண்டு சொல்ல வாயால எடுக்க அந்த மூண்டு ராத்திரிய விடக் கூடக் கஷ்டப்பட்டனான். என்ர மகன்ட ஃபைல் அப்ப ரெண்டாந்தரம் திரும்பி வந்திருந்தது. மச்சாள் அதோ நாலாம் வரிசையில இருக்கிறா, இண்டைக்குத் தான் இது அவவுக்குத் தெரியும். வீட்ட போய் கதைப்பம் மச்சாள்.

கடைசியா 2019. கொச்சிக்கடை அந்தோனியார் கோயில், கட்டுவாப்பிட்டி செபஸ்தியார் கோயில், இஞ்ச பக்கத்தில மட்டக்களப்பு சீயோன், அதில பிள்ளையள். இதப் பற்றிப் பேச எனக்குத் தகுதியில்ல, உறவுகள இழந்த சனத்துக்கு முன்னால நான் வாய் திறக்க மாட்டன். நான் சொல்லுறது என்ர படலையில நடந்தது மட்டும். எங்கட பக்கத்து வீடு முஸ்லிம் ஆக்கள், ராத்தா எண்டு தான் கூப்பிடுறது. அண்டைக்குப் பின்னேரம் ஊரடங்குக்கு முன்ன அந்த ராத்தா ஓடி வந்து என்ர படலையப் பிடிச்சுக்கொண்டு நிண்டு அழுதவ, உள்ளுக்க வரப் பயந்து. நான் போய் கட்டிப்பிடிச்சனான். யோசிக்கக்கூட இல்ல. அடுத்த ஞாயிறு கோயில் பூட்டு, கர்தினால் டிவியில பூசை வச்சார், டிவிக்கு முன்னால முழந்தாளில நிண்டு நான் ராத்தாவுக்காகவும் மன்றாடினனான். துன்பத்தில பாஸ். இதுக்கு எதிரணிக்கு மாக்ஸ் போடுங்கோ.

அதே வருசம் மார்கழி. கனடாவில இருந்து மனுசன்ட சொந்தக்காரர் வந்து நிக்கினம், வீடு நிறைய ஆக்கள், குடிலுக்கு புது பல்ப், பிள்ளையளுக்கு புது உடுப்பு. நான் வழமைபோல பலகாரத் தட்டு நாலு அடுக்கினனான், கேக், கொக்கிஸ், பயத்தம் உருண்டை, மேல நான் பின்னின வெள்ளைத் துணி. மூண்டு தட்டு போயிட்டுது. நாலாவத தூக்கேக்க வந்தவையில ஒராள் கேக்கிறா, உதுகளுக்கும் குடுக்கிறனியளோ இன்னும்? அவ்வளவு தான் கேட்டது. நான் தட்ட மேசையில வச்சிட்டன். ஆரும் என்னைத் தடுக்கேல்ல. நல்ல நாளும் அதுவுமா ஏன் கதை வளர்ப்பான் எண்டு நினைச்சன். சிரிச்சு, சாப்பிட்டு, ஃபோட்டோ எடுத்து, பின்னேரமாச்சு. தட்டில எறும்பு ஏறத் துவங்கிட்டுது. ராத்தா வீட்டு யன்னல் என்ர குசினியில இருந்து தெரியும், அந்தப்பக்கம் நான் முழுநாளும் பாக்கேல்ல.

மாமிக்கு அப்ப எழுபத்தெட்டு. பொல்லு ஊண்டி வந்தா, தட்டத் தூக்கி எறும்ப ஊதினா, துணிய உதறித் திருப்பிப் போட்டா. ஒராளையும் பாக்கேல்ல. கேக் காயப்போகுது, எண்டு மட்டும் சொல்லிக்கொண்டு படலையத் தள்ளிக்கொண்டு போனவ. திரும்பி வரேக்க தட்டில வழமைபோல சீனி இருந்தது, வெறுந்தட்டு திருப்பித் தாறேல்ல தானே.

நடுவர் ஐயா மணியில கை வச்சிட்டார், விளங்குது. தீர்ப்ப எங்கட பக்கம் சொன்னாலும் சரி, தம்பியின்ட பக்கம் சொன்னாலும் சரி, கொஞ்சம் கெதியாச் சொல்லுங்கோ. மாமி இப்ப இல்ல, பயறு வறுத்து மூடி வச்சிட்டு வந்தனான், இண்டைக்கு ராவுக்க இடிச்சு உருண்டை பிடிக்கோணும், இந்த முறையும் நாலு தட்டு.